கவசத்து மொட்டு

கொட்டின பாலையும் சொன்ன சொல்லையும் திருப்பி அள்ள முடியாது. காளிதாசன் அந்தச் சொல்லைக் கொட்டியது மலேசியாவில் கூலிம் ஊரின் ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்.

அவர் கோயில் தலைவர். பட்டுச் சட்டை மினுமினுக்கப் பந்தி வரிசையில் ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டே வந்தார். புஷ்பவள்ளிக்கு எதிரே வந்ததும் நின்றார். அவள் கடைசிப் பாயசத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்லயே புஷ்பா. அப்பன் கை அப்படியே வந்திருக்கு. ஒரு துளி விடாம வழிச்செடுத்துட்ட."

பக்கத்து இலைக்காரர் களுக்கென்று சிரித்தார். எதிர் வரிசையிலும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் இலையைப் பார்த்தார்கள். புஷ்பவள்ளி இலையை மடித்துவிட்டு எழுந்தாள். கை கழுவும்போது தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் குழாயை மூடவில்லை.

அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பதைச் சொன்னால்தான் உங்களுக்கு அவள் வயிறு எரிந்தது புரியும், கண்ணுகளா.

பாடாங் மேஹா பக்கத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது தோட்டத்துச் சனங்களெல்லாம் ஒரு தாமானுக்குக் குடி போனார்கள். வரிசை வரிசையாய் ஒட்டிக் கட்டிய வீடுகள், முன்னால் இரும்பு கேட்டு. கோயில் மட்டும் பழைய இடத்திலேயே செம்பனைகளுக்கு நடுவே நின்றது. அந்தக் கோயிலில் அம்மனின் கவசத்தைத் துலக்குகிற வேலை புஷ்பவள்ளியின் அப்பா சீனிவாசகத்தினுடையது. சம்பளம் கிடையாது. புகைக்கொட்டாயில் ரப்பர் பாலை ஷீட்டாக்கி உலர்த்திய கை, ஓய்வுக்குப் பிறகு அம்மனுக்கென்று ஆகிப்போனது.

திருவிழாவுக்கு முன்னால் பித்தளைக் கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். முதலில் புளியைக் கரைத்துத் தேய்ப்பார். கழுவித் துடைத்து, பிறகு உலர்ந்த திருநீற்றைத் துணியில் தொட்டு, குழந்தைக்கு முகம் துடைப்பது போல, கன்னம், மூக்கு, நெற்றி என்று தேய்த்துக்கொண்டே இருப்பார். தன் முகம் அதில் தெரிகிறவரைக்கும் விடமாட்டார்.

அப்புறம் காளிதாசன் தலைவரானார். பித்தளையில் அம்மன் இருக்கலாமா, தங்கத்தில் சாத்துவோம் என்றார். பெண்கள் கழற்றிக் கொடுத்தார்கள். தோடு, மூக்குத்தி, பிள்ளைக்கு முதல் பிறந்தநாளில் போட்ட மோதிரம், புருஷன் போன பிறகு பெட்டியில் கிடந்த தாலிக்குண்டு. எல்லாவற்றையும் அவரே வாங்கிக்கொண்டு போனார், வெளியூரில் செய்தது என்று ஒரு கவசத்தைக் கொண்டுவந்தார். அம்மன் தகதகவென்று இருந்தாள். விளிம்பைச் சுற்றி மல்லிகை மொட்டுக் கோத்தது போல வேலைப்பாடு. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சீனிவாசகத்துக்குத் தங்கத்தைத் துலக்குகிற விதம் தெரியாது. பித்தளைக்குச் செய்ததையே செய்தார். புளி, பிறகு திருநீறு. இரண்டு திருவிழா போயிற்று. மூன்றாவது திருவிழாவுக்குத் துலக்கி மாட்டியபோது அம்மனின் மூக்கும் கன்னமும் நிறம் மாறியிருந்தன. மஞ்சள்தான், ஆனால் பழுத்த மஞ்சள் இல்லை. செங்காயின் வெளிறிய மஞ்சள்.

கோயில் கூட்டத்தில் காளிதாசன் எழுந்து நின்று சொன்னார்: "புளியப் போட்டுத் தேச்சு தங்கத்த வழிச்செடுத்துட்டான். கோயில் சாவிய வாங்குங்க."

சீனிவாசகம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையே எல்லோரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருடினேன் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் அம்மன் முகத்தைத் தேய்த்துக் கெடுத்தது தன் கைதான் என்று நம்பிவிட்டார். அதற்குப் பிறகு சோறு பிசையும்போதுகூட அந்த விரல்களைப் பார்ப்பார். போன வருஷம் செத்துப்போனார். கோயில் மேளம் வரவில்லை. தாமானில் பாதி வீட்டுக் கேட்டுகள் அன்றைக்குச் சாத்தியே கிடந்தன.

காரியம் முடிந்து அவருடைய அலமாரியை ஒழித்தபோது, திருநீற்று டப்பாவுக்குள் சிவப்புத் துணி முடிச்சு ஒன்று புஷ்பவள்ளியின் கையில் தட்டுப்பட்டது. அவிழ்த்தாள். கவசத்து மொட்டு ஒன்று. காம்போடு முறிந்தது.

அவள் அதை யாரிடமும் காட்டவில்லை. காட்டாததற்கு ஒரு காரணம் இருந்தது. அது வெளியே சொல்கிற காரணம் இல்லை.

புஷ்பவள்ளி படித்தது ரசாயனம். கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளெல்லாம் அங்கே சாம்பிள் அனுப்பும். கணினிச் சிப்பு ஏன் ஒட்டவில்லை, கையுறை ஏன் வழுக்குகிறது, தகடு ஏன் கறுத்தது என்று கேட்கும். பதில் சொல்ல ஒரு இயந்திரம் இருக்கிறது. பெயர் நீளம், எலக்ட்ரான் நிறமாலைமானி. செய்கிற வேலை சின்னது. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் பொருளை வைத்து, எக்ஸ்ரேயை அதன்மேல் பாய்ச்சினால், அதிலிருந்து எலக்ட்ரான்கள் துள்ளி வெளியே ஓடிவரும். தங்கத்திலிருந்து வருவது ஒரு வேகத்தில் வரும், இரும்பிலிருந்து வருவது வேறு வேகத்தில் வரும். ஓடி வருகிற வேகத்தைப் பார்த்தே எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆழத்தில் இருப்பவை வெளியே வந்து சேராது, வழியிலேயே களைத்துப்போகும். மேல்தோலில் இருப்பவை மட்டும்தான் வந்து சேரும். நம் தலைமயிரைப் பல்லாயிரம் படலமாக உரித்தால், அதில் ஒரு படலத்தின் கனம். அவ்வளவுதான் அந்த இயந்திரத்துக்குத் தெரியும்.

மொட்டைப் பெட்டிக்குள் வைப்பது அவளுக்கு ஒரு காலைநேர வேலை. அப்படியிருந்தும் வைக்கவில்லை. தங்கம் என்று வந்துவிட்டால்? அப்பா முறித்து ஒளித்து வைத்தது தங்கம் என்று ஆகிவிட்டால் ஊர் சொன்னது சரியாகிவிடும். தெரியாமலே இருக்கட்டும் என்று மொட்டைப் பீரோவில் பூட்டிவைத்திருந்தாள்.

பந்தியிலிருந்து எழுந்து வந்த அன்றைக்குப் பீரோவைத் திறந்தாள். வந்தது வரட்டும், தெரிந்துகொண்டு எரிவோம் என்று தோன்றிவிட்டது.

மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, வேலை குறைந்த ஒரு சனிக்கிழமைக் காலையில் மொட்டை எடுத்துப்போனாள். கூட வேலை செய்கிற ஷாமளாவுக்கு அன்றைக்கு முறை. அலோர் ஸ்டாரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெண், வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா இது, தோடா? ஆசாரிகிட்ட போறத விட்டுட்டு இங்க கொண்டாந்திருக்கீங்க."

"உரச விட மாட்டேன். நீ வை."

"ஆல்கஹால்ல தொடச்சீங்களா?"

"தொடைக்கல."

"ரூல்ஸ் போடறதும் நீங்க, மீறுறதும் நீங்க. நல்லாருக்குலா."

தினமும் காலையில் அந்த இயந்திரத்தைச் சரிபார்ப்பது ஒரு தங்கத் தகட்டை வைத்துத்தான். திரையில் தங்கம் இரட்டைக் கொம்பாக எழும், ஒன்று நெட்டை, ஒன்று சற்றுக் குட்டை. அந்தக் கொம்புகளைப் புஷ்பவள்ளி தன் பிள்ளைகள் முகத்தைவிட அதிகம் பார்த்திருக்கிறாள்.

மொட்டு உள்ளே போயிற்று. காற்று இறங்கியது. திரையில் கோடு ஓடத் தொடங்கியது. முதலில் கரி, பிராணவாயு. காற்றில் கிடந்த எந்தப் பொருளிலும் அது இருக்கும். அதன் பக்கத்திலேயே இன்னொன்று எழுந்தது.

"கால்சியம் இவ்ளோ இருக்குதே. கொஞ்சம் பொட்டாசியம் வேற. எதுல போட்டு வெச்சிருந்தீங்க?"

"துன்னூறு டப்பாவுல."

ஷாமளா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். மறுபடி திரைக்குத் திரும்பினாள்.

கடைசியில் கோட்டின் ஓரத்தில் இரட்டைக் கொம்பு முளைத்தது.

"தங்கந்தான் அக்கா," என்றாள் ஷாமளா மெதுவாக. நல்ல செய்தி சொல்கிறோமா கெட்ட செய்தி சொல்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

புஷ்பவள்ளி நாற்காலியில் சாய்ந்தாள். சிரித்த வாய்களெல்லாம் கண்ணுக்குள் வந்தன. பிறகு, வேலை பழகிய மூளை தானாகவே தன் கேள்வியைக் கேட்டது. தோல் தங்கம். தோலுக்குக் கீழே?

அதைப் பார்க்க வழி உண்டு. ஆர்கான் வாயுவை மின்னேற்றி மணல் வீசுவது போல வீசினால் மேல்படலம் செதில் செதிலாக உதிரும். உதிர்த்துவிட்டுப் பார்ப்பது, மறுபடி உதிர்ப்பது, மறுபடி பார்ப்பது. ஆனால் முதலில் உதிர்வது எது? மேலே இருப்பதுதான். அப்பா விரல் தடவி விட்டுப்போன திருநீறு.

அவள் கை கணினி மவுஸ்மேல் அப்படியே நின்றது.

"நான் அமுக்கட்டாக்கா?"

"வேணாம். நானே அமுக்கறேன்."

அமுக்கினாள். அடுத்த கோட்டில் கால்சியம் பாதியானது. அதற்கடுத்ததில் அது இல்லை. அப்பாவின் கை அந்த மொட்டிலிருந்து போய்விட்டது. தங்கம் இன்னும் உயரமாக எழுந்து நின்றது. புஷ்பவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை அமுக்கினாள். கொம்பு தாழ்ந்தது. இன்னொரு முறை. கொம்பு குட்டையானது. வேறு இரண்டு மேடுகள் திரையில் கிளம்பின.

ஷாமளா முன்னால் குனிந்தாள். "டைட்டேனியம். இது நைட்ரஜன். அக்கா, நமக்கு வாரா வாரம் வருமே, தொழிற்சாலைக்காரன் அனுப்பற டிரில் பிட்டு. அதே கோட்டிங். மேல மட்டும் கலருக்குத் தங்கம் தூவியிருக்கான்."

"காம்பு முறிஞ்ச எடத்தப் பாரு."

அங்கே இரும்பும் குரோமியமும் இருந்தன. வீட்டில் சாம்பார் வைக்கிற பாத்திரம் எதுவோ அதுவே.

"எவர்சில்வர்," என்றாள் புஷ்பவள்ளி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் கண்ணுக்குப் பின்னால் சூடாக ஒன்று ஏறியது. பெண்களின் தோடும் மூக்குத்தியும் போனது பற்றி இல்லை, அது அப்புறம். தேய்ந்தது தங்கக் கவசமே இல்லை. மேலே தூவிய தங்கப் பொடி எந்தத் துணிக்கும் போயிருக்கும். அது தெரியாமல் ஒரு மனிதன், துலக்கும்போது முறிந்திருக்கும் மொட்டைக்கூடக் காட்டப் பயந்து மறைத்துவைத்து, சாகிறவரைக்கும் தன் விரலைத் தானே வெறுத்துக்கொண்டிருந்தான்.

தாளை அச்செடுத்து மடித்தாள். திருவிழாக் கூட்டத்தில் வைத்துக் காளிதாசனின் முகமூடியைக் கிழித்துவிடலாம் என்று முதலில் நினைத்தாள். ஒருநாள் கூச்சல், ஒரு மாதப் பேச்சு, அப்புறம் மறந்துபோகும். வைக்கோல் போர் எரிகிற மாதிரி. அவளுக்கு அது போதாது. உமியில் வைத்த நெருப்பு போல இருக்க வேண்டும். புகை அடங்கினாலும் உள்ளே சூடு போகக் கூடாது.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, கூலிம் டவுனில் காளிதாசனின் ஹார்டுவேர் கடைக்குப் போனாள்.

"வாம்மா, புஷ்பா. அன்னிக்கு பந்தியில தமாசுக்குச் சொன்னேன், மனசுல வெச்சுக்காத. என்ன வேணும்?"

"டிரில் பிட்டு வேணும்ணே. மஞ்சளா இருக்குமே, அது."

"செவுத்துக்கா, இரும்புக்கா?"

"எவர்சில்வருக்கு."

எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தங்கம் மாதிரியே இருக்கேண்ணே."

"தங்கமா இருந்தா ஆணிக்குப் பக்கத்துல தொங்க விடுவனா? கோட்டிங்மா. டைட்டேனியம். லேசுல தேயாது. கல்லுல தேச்சாலும் அப்படியே நிக்கும்."

"அப்போ துன்னூறு வெச்சுத் தேச்சா ஒண்ணும் ஆவாதுல்ல?"

காளிதாசனின் கை கல்லாப்பெட்டி மேல் நின்றது. புஷ்பவள்ளி கைக்குட்டையை அவிழ்த்து, மொட்டை டிரில் பிட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது அம்மனோடது. மேல தங்கம், தும்பி றெக்கை கனங்கூட இல்ல. அதுக்குக் கீழ நீங்க இப்ப சொன்ன கோட்டிங். அதுக்கும் கீழ எவர்சில்வர். எங்க லேப்புல வெச்சுப் பாத்தாச்சு. பேப்பர் இருக்கு."

அவர் மொட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். சட்டென்று ஒரு வழி கிடைத்தது போல நிமிர்ந்தார்.

"இது உன்கிட்ட எப்படி வந்துச்சு? அப்போ உங்கப்பன் திருடினது நெஜந்தான?"

"ஆமாண்ணே. எவர்சில்வர் திருடியிருக்காரு. வாங்க, கோயில்ல சொல்லுவோம். அது எவர்சில்வர்னு உங்க வாயால சொல்லணும், அவ்ளோதான்."

காளிதாசன் உட்கார்ந்தார். நாற்காலி பின்னால் இருந்த பெயிண்டு டின்னில் இடித்தது.

"கடை கைய விட்டுப் போற நேரம், புஷ்பா. திருப்பிச் செஞ்சு வெச்சிரலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள மூஞ்சி வெளுத்துருச்சு. எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க..."

"அதனால எங்கப்பாவக் காட்டினீங்க."

"அவரு பேசியிருக்கலாம்ல. பேசவே இல்லையே மனுசன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றதக் கேளு. கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி நெஜத் தங்கத்துல செஞ்சு மாட்டிடறேன். வீட்ட வித்தாவது செய்யறேன். யாருக்கும் தெரிய வேணாம். கோயில் செவுத்துல அப்பா பேருல ஒரு கல்லு பதிச்சிடுவோம்."

தங்கம் அம்மனுக்கு வரும். அப்பா பெயர் கல்லில் வரும். வேறொருத்தியாக இருந்தால் சரி என்றிருப்பாள். நல்ல மனசுக்காரி என்று பெயரும் கிடைத்திருக்கும். புஷ்பவள்ளிக்கு அந்தப் பெயர் வேண்டியிருக்கவில்லை.

"தங்கம் செய்யுங்க. அது உங்களுக்கும் அம்மனுக்கும் உள்ள கணக்கு. எனக்கு வேற வேணும். தங்கம் குடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்க நடந்து வரணும். காடி வேணாம். கேட்டுல நின்னு ரெண்டு வார்த்த சொன்னாப் போதும். உங்க தங்கத்த நான் எடுத்தேன். சீனிவாசகம் எடுக்கல."

"முழுத் தாமானுலயுமா?"

"நான் கூடவே வரேன். நீங்க எதையும் மறந்துறக் கூடாதுல்ல."

"வரலன்னா?"

"பேப்பர் போலீசுக்குப் போவும். அவங்க உங்கள நடக்க விட மாட்டாங்க. காடியிலயே ஏத்திக்குவாங்க."

வெள்ளிக்கிழமைக் காலையில் அவர் வந்தார். பட்டுச் சட்டை இல்லை. சாதாரணக் கோடு போட்ட சட்டை. தாமானின் முதல் கேட்டில் நின்று இருமினார். வெளியே வந்த பெண்ணிடம் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது குரல் சட்டைக்குள்ளேயே போயிற்று. அவள் "என்ன?" என்றாள். மறுபடி சொன்னார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற புஷ்பவள்ளியைப் பார்த்தாள், உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் காளிதாசனுக்குப் புரிந்தது, தன்னை மட்டும் அவள் நடத்திக் கூட்டி வரவில்லை என்று. சீனிவாசகம் செத்த அன்றைக்குச் சாத்திக் கிடந்த கேட்டுகள் ஒவ்வொன்றையும் அவள் தட்டித் திறக்க வைத்துக்கொண்டிருந்தாள். தட்டுவதற்கு அவருடைய கை.

இரண்டாவது வீட்டில் கேட்டை முகத்துக்கு நேரே இழுத்துச் சாத்தினார்கள். அடுத்த வீட்டில் ஒருத்தி, "எங்கம்மா தோடுய்யா அது, அம்மா போட்டது அது ஒண்ணுதான், அத என்னய்யா செஞ்ச?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். காளிதாசன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறியது. சட்டை முதுகில் ஒட்டியது.

மாரியம்மா அத்தை வீட்டு வாசலில் அவர் சொல்லி முடிக்கிறவரைக்கும் கிழவி கேட்டுக்கொண்டிருந்தாள். ரப்பர் வெட்டுக்குப் போன காலத்திலிருந்து போட்டிருந்த மூக்குத்தியைக் கொடுத்தவள் அவள். துளை தூர்ந்துபோன மூக்கை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டைத் திறந்தாள்.

"உள்ள வா, காளி. கறுத்துப் போய் நிக்கிற. காலையில சாப்புட்டியா?"

காளிதாசனின் உதடு கோணியது. தாழ்வாரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அத்தை பால் விடாத காப்பி ஓ கலக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்ற புஷ்பவள்ளியிடம் வந்தாள்.

"போதும்டி புஷ்பா. வயசான மனுசன். பிரஷர் காரன்."

"எங்கப்பாவுக்கும் வயசாயிருந்துச்சு அத்தே."

கிழவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "சாவுக்கு நான் வரலடி. எல்லாரும் சொன்னாங்கன்னு உள்ளயே உக்காந்துட்டேன். பெருசா நெனச்சுக்காத."

பதில் சொல்ல எத்தனையோ வார்த்தைகள் உண்டு, அவற்றில் ஒன்றாவது கிழவியின் நெஞ்சைக் குளிர வைத்திருக்கும். புஷ்பவள்ளி அதில் எதையும் எடுக்கவில்லை.

"தெரியும் அத்தே," என்றாள். "கேட்டு சாத்தியிருந்துச்சு. பாத்தேன்."

அத்தை உள்ளே போய்விட்டாள்.

காளிதாசன் காப்பியைக் குடித்து முடிக்கிறவரைக்கும் அவள் வெயிலில் நின்றாள். அவசரப்படுத்தவில்லை. அவர் எழுந்து வந்து, இதோடு விட்டுவிடுவாளா என்று கேட்கிற கண்ணோடு அவளைப் பார்த்தார். அந்த வரிசை முடிய இன்னும் வீடுகள் இருந்தன; அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை.

அவள் கையை நீட்டி அடுத்த கேட்டைக் காட்டினாள். அவர் போய் நின்றார். "வீட்டுல யாரும்மா?" என்றார். குரல் எழும்பவில்லை. உள்ளிருந்து யாரும் வரவில்லை.

"சத்தமாக் கூப்பிடுங்கண்ணே," என்றாள் புஷ்பவள்ளி. "உள்ள டிவி ஓடுது."